அக்கா நின்ற இணைச்சீர்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன்னால் தன் கூடப்பிறந்தவளோடு ஒரு சடங்குக்கு நின்றாக வேண்டும். இணைச்சீர் என்று பெயர். அக்காவோ தங்கையோ, கல்யாணப் பெண்ணுக்குச் சமமாகப் பட்டு உடுத்தி, நகை போட்டு, தலையில் பேழைமூடி என்கிற மூங்கில் கூடையைச் சுமந்து வந்து நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு நுனி அவள் கையில், மறு நுனி மாப்பிள்ளை கையில். அருமைக்காரர் என்று நாங்கள் சொல்லும் பெரியவர் நடத்தி வைப்பார். நீ வேறொருத்தியைக் கட்டப் போகிறாய், கட்டிக்கொள், ஆனால் உனக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் எனக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் முடிச்சுப் போட எனக்கு உரிமை உண்டு, மறந்துவிடாதே என்று கூடப்பிறந்தவள் சொல்லாமல் சொல்வதுதான் அதன் அர்த்தம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நிற்க வேண்டும் என்று என் அக்கா ஆசைப்பட்டாள். பெரிய ஆசையா அது? பிறந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு இருக்கும் உரிமையே அது ஒன்றுதான். அதற்கு நிற்கப் போய்த்தான் அவள் செத்தாள்.

எங்கள் ஊர் காரமடைக்குப் பக்கம். அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் கோயமுத்தூரில் பம்ப்செட் செய்யும் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்காவைச் சத்தியமங்கலத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். நல்ல மனுசன், அதிர்ந்து பேசத் தெரியாது. மல்லிக்காடு வைத்திருந்தார். இருட்டோடு எழுந்து மொட்டுப் பறிக்க ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரைக்கும் அக்கா காட்டில்தான் இருப்பாள். அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்தக் காட்டில் கிடையாது. அவள் ஊற்றுகிற மோருக்காகவே அடுத்த காட்டு ஆட்களும் வந்து நிற்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்குக் கன்னம் இரண்டும் சிவந்து தடித்தது. மூக்கின் மேலும் சேர்ந்து, இரண்டு கன்னத்துக்கும் பாலம் போட்டது மாதிரி. வெயில் என்று சொன்னோம். அம்மா மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டாள். விரல் மூட்டெல்லாம் வலி என்றாள், பூப்பறிக்கிற கைக்கு வலிக்காதா என்றோம். கரு இரண்டு தடவை கலைந்து போனது. அதற்கும் ஏதோ சொன்னோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கால் வீங்கி, செருப்பு நுழையாமல் போய், சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல நுரைக்க ஆரம்பித்த பிறகுதான் மச்சான் பயந்து கோயமுத்தூருக்குக் கூட்டி வந்தார்.

அங்கே கிட்னி டாக்டர் ஒருவர். வயது அதிகமில்லை. பொறுமைசாலி. மற்ற டாக்டர்கள் மாதிரி எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாமல் உட்கார வைத்துப் பேசினார்.

"இதுக்குப் பேரு லூபஸ். காவலுக்கு வெச்ச நாயி வர்றவன உட்டுட்டு ஊட்டுக்காரங்களையே கடிச்சா எப்படியிருக்கும்? ஒடம்புக்குள்ள அதுதான் நடக்குது. இப்போ கிட்னியக் கடிச்சிருக்கு."

"ஏனுங்க டாக்டரு, நான் அந்த நாயிக்கு ஒழுங்காச் சோறு வெக்கலீங்களா?" என்று அக்கா கேட்டாள். அவளுக்கு எந்த இடத்திலும் வாய் நிற்காது. டாக்டர் சிரித்துவிட்டார்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு. சொல்லச் சொல்லப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், தானாக நிறுத்தவே கூடாது என்று அக்கா, மச்சான், நான் என மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். வெயில் ஆகாது என்றார். மல்லிக்காட்டில் வாழ்க்கைப்பட்டவளிடம் வெயில் ஆகாதாம்! நோய் அடங்கி, கிட்னி அமைதியாகும் வரைக்கும் குழந்தை வேண்டாம் என்றும் சொன்னார். அப்போது மட்டும் அக்கா முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

மாத்திரை வேலை செய்தது. கால் வீக்கம் வடிந்தது, நுரை குறைந்தது, மூட்டு வலி போனது. ஆனால் முகம் ஊதிப் போயிற்று. கூர்மையான முகம் அவளுக்கு. அது பூசணிக்காய் போல உருண்டு, கழுத்துப் பிடரியில் சதை திரண்டு, மேலுதட்டில் மயிர்கூட அரும்பியது. உள்ளே நல்லாகிக்கொண்டு வந்தாள், வெளியே பார்த்தால் நோயாளி. ஊர் எதைப் பார்க்கும்? கோயில் வாசலில் ஒருத்தி, "என்ன அம்மணி இப்படி ஊதிப்போட்ட, மாப்ள ஊட்டுச் சோறு அத்தன ருசியா?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா அதற்குச் சரியான பதில் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். வந்து அழுதாள்.

ஒரு நாள் டாக்டர் என்னையும் அம்மாவையும் வரச் சொன்னார். இந்த நோய் சிலருக்கு ஏன் கிட்னியில் போய் உட்காருகிறது என்று அவரும் வேறு ஊர் டாக்டர்களும் சேர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கூடப்பிறந்தவர்கள் ரத்தமும் கொஞ்சம் வேண்டும் என்றார். அக்காவுக்குப் பயன்படுமா என்று கேட்டேன். "உங்க அக்காவுக்கு ஒடனே ஒண்ணும் ஆகாது. பின்னால வர்றவங்களுக்கு ஆகும்," என்று ஒளிக்காமல் சொன்னார். கொடுத்தேன்.

மாத்திரை உறையின் பின்னால் ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கைகள் வரைந்து காட்டினார். "இது காவல் செல்லு. இந்தக் கையிக்கு ஏற்பின்னு பேரு. ரத்தத்துல மெதக்கற கழிவப் புடிச்சு உள்ள இழுத்து அழிக்கறது இதோட வேல. இந்தக் கை எல்லாருக்கும் ஒரே மாதிரி அமையறதில்லீங்க. மரபணுவுல ஒரு எழுத்து மாறுனாப் போதும், சில பேருக்குப் புடி இறுக்கமா இருக்கும், சில பேருக்குத் தளர்ச்சியா இருக்கும். அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணு வரும். ரெண்டுமே தளர்ந்த வகையா வந்துட்டா, கழிவு புடிபடாம போயி கிட்னியில தங்கறதுக்கு வாய்ப்பு கொஞ்சம் எச்சு." பிறகு என்னை நேராகப் பார்த்து, "வாய்ப்புன்னுதான் சொல்றேன். அதுதான் காரணம்னு சொல்லலீங்க," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை அம்மா காதில் ஏறவில்லை. ஏறியது "அப்பா அம்மாகிட்டருந்து வரும்" என்பது மட்டும்தான். திரும்பி வருகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த தூரத்துச் சொந்தமான ஒறம்பரைக்காரி ஒருத்தியிடம், "எங்க வமுசத்து ரத்தத்துலயே இருக்குதாமா, அதுக்குத்தான் ரத்தமெடுத்துப் பாக்கறாங்க," என்று சொல்லிப் புலம்பியிருக்கிறாள். பெற்ற வயிறு, ஆற்றாமல் சொல்லியிருக்கிறது. அம்மாவை நான் திட்டினேன், பிரயோசனம் என்ன? பஸ் காரமடைக்கு வருவதற்குள் செய்தி அந்தியூருக்குப் போய்விட்டது.

அந்தியூர் எதற்கு என்றால், எனக்கு அப்போதுதான் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் அந்தியூர்க்காரர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மாட்டு வியாபாரி. சந்தையில் ஒரு காளையைச் சுற்றி வந்தாரென்றால் அதன் தாய் எது, தகப்பன் எது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அவர் ஒரு நாள் வெள்ளை வேட்டி சட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்காவும் அன்றைக்கு வந்திருந்தாள். காப்பி கொண்டுவந்து கொடுத்தது அவள்தான்.

டம்ளரை வாங்கிக்கொண்டே அவள் முகத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்துவிட்டது. 

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்று ஆரம்பித்தார். எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். "பொண்ணு குடுக்கறதுல மாத்தமே இல்லீங்க. மாப்பிள்ள தங்கமான பையன். சீருக்கு மட்டும் உங்க பெரியப்பா புள்ளய நிக்க வெச்சுட்டா நல்லாருக்குமுங்க. நோவு ரத்தத்துல இருக்குதுன்னு பேசிக்கறாங்க. இணைச்சீருன்னா நாளைக்கி எங்க பொண்ணு வயித்துல பொறக்கறத அந்த ரத்தத்துக்குத் தர்றோமுன்னு வாக்குக் குடுக்கறதுங்களே. மனசுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க."

அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.  காட்டையே ஆட்டி வைத்தவள், கையில் காலித் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"அக்கா நிக்கலீன்னா நான் மணையில உக்காரலீங்க," என்றேன். "பொண்ண வேற எடத்துல பாத்துக்குங்க."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் கோபப்படவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சேரீங்க. கண்ணாலத்தன்னிக்கு அம்மணி மொகம் தெளிஞ்சு, பாக்க நல்லாருந்தா நிக்கட்டும். சனம் கேட்டா நானும் ஒரு பதில் சொல்லோணுமுங்களே," என்றார். அதற்கு அம்மாவே தலையாட்டினாள். ஏதோ பெரிய மனசு பண்ணியவர் மாதிரி எழுந்து போனார்.

முகம் தெளிந்தால். அந்த ஒரு வார்த்தைதான்.

கல்யாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருந்தது. அக்கா சத்தியமங்கலத்துக்குப் போய்விட்டாள். நான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றாள். "மாத்தர சாப்படறயா?" என்றால், "நீ கண்ணாலத்துக்கு மீசைய ஒதுக்கற வழியப் பாரு, எனக்கு வைத்தியம் பாக்காத," என்பாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து இறங்கினாள். அம்மா ஓடிப் போய் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். முகம் வடிந்து, பழைய கூர்மை வந்திருந்தது. கன்னம் இரண்டும் சிவந்து மினுங்கியது.

"பாருங்க, தம்பி கண்ணாலம்னதும் மொகத்துல என்ன களை வந்திருச்சு!" என்று பெண்கள் எல்லாரும் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். அந்தச் சிவப்பு களை இல்லை. அடங்கிக் கிடந்த நோய் திரும்ப எழுந்து முகத்தில் வந்து நின்றிருக்கிறது. அத்தனை பேர் பார்த்தோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இணைச்சீருக்கு நின்றாள். அரக்குப் பட்டு. தலையில் பேழைமூடி. கூறைச்சேலையின் நுனியைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று நினைத்தேன். அந்தியூர் மாமன் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். சடங்கு முடிந்து கூடையை இறக்கும்போது அக்கா என் காதருகில் குனிந்து, "எனக்குப் பையன் பொறப்பான்டா. உம்பட பொண்ண நான் கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்க," என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதை நினைக்கும்போது எனக்கு யாரை அடிப்பது என்று தெரியாது. பட்டுச் சேலைக்குக் கீழே அவள் கால் இரண்டும் வீங்கி, மெட்டி விரலைக் கடித்துக்கொண்டிருந்தது என்று மச்சான் பின்னால்தான் சொன்னார்.

மறுவீட்டு விருந்து முடிவதற்குள் அக்கா படுத்துவிட்டாள். வாந்தி. மூச்சு வாங்கியது. சிறுநீர் கறுத்துக் குறைந்து போனது. வாடகைக் காரில் கோயமுத்தூருக்குக் கொண்டு ஓடினோம். எப்போதும் பொறுமையாகப் பேசும் டாக்டர் அன்றைக்குக் கத்தினார். "மாத்தர சாப்ட்டீங்களா இல்லையா? உண்மையச் சொல்லுங்க!"

அக்கா என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னாள். அந்தியூர் மாமன் வந்துபோன பிறகு நிறுத்திப்போட்டாளாம். மச்சான் கண்ணெதிரே வாயில் போட்டுக்கொண்டு, அவர் திரும்பியதும் துப்பிவிடுவாளாம். "மொகம் வடிஞ்சாப் போதும், கண்ணாலம் முடிஞ்சு மறுபடி தின்னுக்கலாம்னு நெனச்சனுங்க," என்றாள். 

மெஷினில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். பெரிய பெரிய ஊசிகள் போட்டார்கள். கிட்னி இரண்டும் திரும்பவில்லை. நான் ஒன்று தருகிறேன் என்று டாக்டரிடம் போய் நின்றேன். அப்போதுதான் ஆராய்ச்சிக்கு எடுத்த ரத்தத்தின் முடிவு வந்திருப்பதாகச் சொன்னார். பொதுவாக அதை யாரிடமும் சொல்வதில்லையாம். நான் விடவில்லை.

"உங்க அக்காவுக்கு ரெண்டும் தளர்ந்த வகை," என்றார். கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கும் அதேதான். ரெண்டு பேருக்கும் ஒரு மாத்தமும் இல்ல," என்றார்.

எனக்குப் புரியவில்லை. "அப்பறம் எனக்கு ஏனுங்க ஒண்ணும் வரல?"

"அதுதான் நான் அன்னிக்கே சொன்னது. இந்த வகையோட எத்தனையோ பேரு சாகற வரைக்கும் நல்லா இருக்காங்க. நோவு வர்றதுக்கு இன்னும் என்னென்னமோ சேரோணும், எங்களுக்கே முழுசாத் தெரியாது. ரத்தத்துல இருக்கறது ஒண்ணும் தீர்ப்பில்லீங்க. மாத்தரய ஒழுங்காச் சாப்ட்டிருந்தா இவங்க இந்நேரம் ஊட்டுல இருந்திருக்கலாம்."

இன்றைக்கும் என் மகள் வெயிலில் ஆடிவிட்டுக் கன்னம் சிவந்து வந்தால், மூக்கின் மேலும் சிவந்திருக்கிறதா என்று ஒரு கணம் உற்றுப் பார்ப்பேன். அந்தக் கணத்தில் டாக்டரின் இந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

கிட்னி மாற்றுவதற்கு உடம்பு தேறட்டும் என்று இரண்டு மூன்று மாதம் காத்திருந்தோம். உடம்பு தேறவில்லை. நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, அக்கா போய்விட்டாள். போவதற்கு முன்னால் கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பி, என்ற மொகம் மறுபடி ஊதிப்போச்சாடா?" இல்லை என்று சொன்னேன்.

துக்கம் கேட்க எல்லாரும் வந்தார்கள். காரியம் முடிந்து நாங்கள் காரமடை வீட்டுக்குத் திரும்பிய பிறகு அந்தியூர் மாமன் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிசமாகவே துடைத்தாரோ என்னவோ. பிறகு பெருமூச்சு விட்டு, "ரத்தத்துல இருந்த நோவு. ஆரு என்னங்க பண்ண முடியும்? நல்லவேளை, சீரோட நின்னு போச்சு, நாளைக்குப் புள்ள குடுக்கற வரைக்கும் வரல," என்றார்.

நான் எழுந்தேன்.

"என்ற ரத்தத்தயும் பாத்தாங்க மாமா. அக்காளுக்கு இருந்ததேதான் எனக்கும். ஒரு பிசகு இல்லாம அதே ரத்தம். காளை வாங்கோணும்னா தாயப் பாப்பீங்க, தகப்பனப் பாப்பீங்க. அக்கா சேலை நுனியப் புடிக்கறதுக்கே மனசு ஒரு மாதிரி இருக்குதுன்னீங்க. அந்த நுனிக்கு இந்தப் பக்கம் ஆரு நின்னா? எனக்குத்தானுங்களே பொண்ணு குடுத்தீங்க? என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் தங்கமான பையன், எங்கக்கா மட்டும் நோவு புடிச்சவளா?"

கத்திவிட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தியூர் மாமன் எழுந்தார். "இது எனக்குத் தெரியாதுங்களே மாப்பிள்ள," என்றார்.  செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

திரும்பினால் என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். அவளுக்கு இந்த ரத்த விஷயத்தை நான் சொல்லியிருக்கவில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் வருமா என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் அதைக் கேட்கவில்லை. என் அக்காவை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். "நங்கையா எதுக்குங்க மாத்தரய நிறுத்துனாங்க?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பக்கத்தில் விடவில்லை, முதலில் புதுப்பெண் என்று, பிறகு பிள்ளைத்தாய்ச்சி என்று. மாத்திரையை நிறுத்தினாள் என்பது மட்டும் காதில் விழுந்திருந்தது. எதற்காக நிறுத்தினாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நான் சொன்னேன். அவளுடைய மாமன் வந்தது, முகம் தெளிந்தால் நிற்கட்டும் என்றது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஊதுன மொகத்தோடயே நிக்கச் சொல்லியிருப்பனுங்களே," என்றாள். "எனக்கு என்னங்க வந்துச்சு? என்ற கண்ணாலந்தானுங்களே அது. என்னைய ஆரும் கேக்கவே இல்லீங்களே!"

கேட்கவில்லைதான். பெண் வீட்டார் மனசு கோணக்கூடாது என்று அத்தனை பேர் அத்தனை நாள் பேசினோம். பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் அக்கா அந்த மாத்திரையை விழுங்கியிருப்பாள்.